மிதக்கும் ரப்பர், மூழ்கும் சிவப்பணு

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் பயிலும் தம் மகள் அனுப்பிய படத்தை இணைத்துக் கேட்டிருக்கிறார்: சுழற்றியெடுத்த இரத்தக் குழாயின் நடுவே தெரியும் அந்த வெண்ணிற வளையம் ஏன் அடிக்குப் போகாமல் அந்தரத்தில் நிற்கிறது?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாதி விடை முன்பே தெரியும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து சேகரித்த பாலில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் ரப்பர். அம்மோனியா கலந்த அந்தப் பாலை ஆலையில் மையவிலக்கு இயந்திரத்திலிட்டுச் சுழற்றினால், நீரைவிட இலேசான ரப்பர்த் துகள்கள் அச்சின் பக்கம் ஒதுங்கி, 60 விழுக்காட்டுச் செறிவுப் பாலாக வெளியேறுகின்றன.

இரத்தத்தில் இது தலைகீழ். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிராம், அதைவிடக் கனமான அணுக்கள் அனைத்தும் அடியை நோக்கி இறங்குகின்றன. குழாயை அசையாமல் வைத்திருந்தாலும் இறங்கும், நேரம்தான் பிடிக்கும். ஆனால் வெறுமனே சுழற்றினால் வெள்ளையணுக்கள் சிவப்பணுப் படிவின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்குமே தவிர, சுத்தமாகப் பிரியமாட்டா.

நார்வே ஆய்வாளர் ஆர்னே போயும் (Arne Bøyum) 1968-இல் வெளியிட்ட முறை இங்கேதான் கைகொடுக்கிறது. அதன் எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டின் அடர்த்தி சுமார் 1.07, சிவப்பணுவின் அடர்த்தி சுமார் 1.10. இரண்டுக்கும் இடைப்பட்ட 1.077 அடர்த்தியில், சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த ஃபைகால் கலந்த திரவத்தைக் குழாயின் அடியில் ஊற்றி, அதன்மேல் நீர்த்த இரத்தத்தைக் கலங்காமல் படரவிட்டு, புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு விசையில் அரைமணி நேரம் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் ஃபைகாலைத் தொட்டதும் ஒன்றோடொன்று திரண்டு இன்னும் விரைவாக அமிழ்கின்றன. திரளின் ஆரம் இரட்டித்தால் அமிழும் வேகம் நான்கு மடங்காகும் என்பது ஸ்டோக்ஸ் விதி. லிம்போசைட்டுகளோ, எவ்வளவு நேரம் சுழற்றினாலும், தம்மைவிட அடர்ந்த திரவத்துக்குள் இறங்க வழியின்றி எல்லையிலேயே தங்கிவிடுகின்றன. மகள் படம்பிடித்த வளையம் அதுதான்.

வெக்கையில் திரவம் விரிந்து அடர்த்தி குறையும் என்பதால், நம் ஊரில் இதைக் குளிரூட்டிய அறையில், ஏறத்தாழ 20 டிகிரியில் செய்வதே முறை. ஒரு கோயில் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் பள்ளிக்கு ஒரு சிறிய மையவிலக்கு வாங்கிவிடலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வாங்குபவர் ஒன்றை மறக்கக்கூடாது: இயந்திரத்தைப் பிரேக் போட்டு நிறுத்தாமல், தானாக ஓய விட வேண்டும். தோளில் காண்டாக் கழியில் பால் வாளி சுமந்தவர் சட்டென நின்றால் என்ன ஆகுமோ, வளையத்துக்கும் அதுதான் ஆகும்.