ரிசோர்ஸ் யூசேஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு மென்பொருளை நிறுவும்போது ‘ஹெவி ரிசோர்ஸ் யூசேஜ்’ என்று, அதாவது கணினியின் நினைவகம், வட்டு போன்றவற்றை அதிகம் எடுத்துக்கொள்ளும் என்று எச்சரிக்கை வருகிறது, அதைத் தமிழில் எப்படி எழுதுவது? ரிசோர்ஸுக்கு ஆதாரம் என்று சிலர் எழுதுகிறார்கள். தாங்கி நிற்கும் அடிப்படை என்ற பொருளுள்ள வடசொல்தான், ஆனால் இன்றைக்கு ஆதாரம் என்றாலே கோர்ட்டும் சாட்சியும்தான் நினைவுக்கு வரும். ‘இந்தச் செயலி அதிக ஆதாரங்களைப் பயன்படுத்துகிறது’ என்றால் யாருக்குப் புரியும்? வளம் என்பதே சரி.

ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது, வேர் லத்தீனில் ‘ரெசுர்கெரே’, அதாவது மீண்டும் எழுதல். இக்கட்டில் விழுந்தவர் எழுந்துகொள்ள எது கைகொடுக்கிறதோ அது ரிசோர்ஸ். வளம் நமக்குப் பழைய சொல். நீர்வளம், மண்வளம் என்னும்போது செழிப்பு. ஆனால் 51ஆம் குறளில் வரும் ‘வளத்தக்காள்’ கணவனின் வருவாய்க்குத் தக்கபடி குடும்பம் நடத்துபவள், அங்கே வளம் என்பது கையில் இருப்பதன் அளவு. கணினிக்கு வேண்டியது இந்தப் பொருள்தான், ஏனென்றால் நினைவகம் (ரேம்), வட்டு (டிஸ்க்) எல்லாமே அளவுக்கு உட்பட்டவை.

அப்புறம் யூசேஜ். நுகர்வு என்றும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நுகர்ந்த பொருள் தீர்ந்துபோகும், நினைவகமோ வேலை முடிந்ததும் திரும்பக் கிடைத்துவிடும். வட்டில் பிடித்த இடம்கூட மென்பொருளை நீக்கினால் திரும்பிவிடும். மின்சாரத்துக்கு வேண்டுமானால் நுகர்வு பொருந்தும், மற்றதற்கெல்லாம் பயன்பாடு போதும்.

சரி, ‘அதிக வளப் பயன்பாடு’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? எந்த வளம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று சொல்லாத எச்சரிக்கையால் பயனருக்கு எந்தப் பயனும் இல்லை. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருளை நிறுவித் தரும் ‘ஆப்ட்’ என்ற கருவி, நிறுவுவதற்கு முன்பே வட்டில் கூடுதலாக இத்தனை எம்பி பிடிக்கும், தொடரவா என்று கேட்கும், நல்ல பழக்கம், ஆனால் நினைவகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூல நிரலிலிருந்தே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவும் ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸில் சில பெரிய மென்பொருள்களுக்கு வட்டும் நினைவகமும் போதுமா என்று தொடக்கத்திலேயே சரிபார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பெரிய சி++ நிரலை ஒரே நேரத்தில் நாலைந்து கோப்பாகத் தொகுக்கும்போது 4 ஜிபி மடிக்கணினி திணறிவிடும், சுட்டி நகராது, கடைசியில் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலே அந்த வேலையை நிறுத்திவிட்டால் திரையில் ‘கில்டு’ (கொல்லப்பட்டது) என்ற சொல்லோடு ஒரு பிழைச்செய்திதான் மிஞ்சும். அதற்கு முன்பே பலர் கணினி தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள், நிறுவல் பாதியில் நின்று அதைச் சரிசெய்வது தனி வேலையாகிவிடுகிறது.

அதனால் மென்பொருளைத் தமிழாக்கம் செய்பவர்கள் அந்த எச்சரிக்கையை இப்படி எழுதலாம்: ‘நிறுவல் முடியும்வரை 3 ஜிபி நினைவகம் தேவைப்படும். சுமார் அரை மணி நேரம் கணினி மெதுவாக இயங்கும். அணைக்க வேண்டாம்.’