மோப்பத்தில் பிறந்த மதிநுட்பம்

தக்கலையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மதிநுட்பத்துக்கு ஆங்கிலத்தில் 'சகாசிட்டி' என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?"

நாயின் மூக்கிலிருந்து. லத்தீனில் 'சகாக்ஸ்' என்றால் கூர்ந்து உணர்கிற என்று பொருள். வேட்டை நாய்க்கு அது வழக்கமான அடைமொழி. குறிசொல்வதைப் பற்றிக் கி.மு. 44 வாக்கில் எழுதிய ரோமானிய அறிஞர் சிசரோ, மோப்ப நாய்க்கும் குறிசொல்லும் கிழவிக்கும் ஒரே வினைச்சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்கிறார். (ஞானியைக் குறிக்கும் 'சேஜ்' இதற்குச் சொந்தமில்லை. அது சுவைப்பதைக் குறிக்கும் வேறொரு வினையின் வழிவந்தது. தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நாமும்தான் "எப்படியோ மோப்பம் பிடிச்சிட்டான்" என்கிறோம். சரி, மூக்குக்கு வருவோம்.

காற்றில் வரும் மூலக்கூறு மூக்கிலுள்ள ஏற்பியில் உட்கார, நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். இது பள்ளியில் படித்ததுதான். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்கள் நமக்குச் சுமார் 400, நாய்க்குச் சுமார் 800. இரண்டு மடங்குதானா என்று தோன்றும். சாமர்த்தியம் காற்று போகும் வழியில் இருக்கிறது.

நாம் விடும் மூச்சு, இழுத்த வாசனையையும் வாரிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. நாய் இழுக்கும் காற்றிலோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தனிப்பாதையில் மூக்கின் பின்கோடிக்குப் போகிறது, மிச்சம் நுரையீரலுக்கு. மூச்சு விடும்போதும் பின்கோடிக் காற்று கலையாமல் அங்கேயே தங்குகிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தரையை மோந்துகொண்டு திரியும் நாயைக் குனிந்து பாருங்கள். நாசித்துவாரத்தின் ஓரத்தில் காற்புள்ளி போல ஒரு பிளவு தெரியும். விடும் மூச்சு அதன் வழியாகப் பக்கவாட்டில் பின்னோக்கிப் போவதால், முன்னால் கிடக்கும் வாசனை சிதறுவதில்லை. நொடிக்கு ஐந்தாறு தடவை இப்படி!

1993-ல் நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒருவர் புல்வெளியில் நடந்து போய் 20 நிமிடம் கழித்து, ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைப் பாதைக்குக் குறுக்காகக் கொண்டுவந்தார்கள். ஆள் போனது இடப்பக்கமா வலப்பக்கமா? நாய்கள் வேகத்தைக் குறைத்து, இரண்டு முதல் ஐந்து காலடிகளை மட்டும் மோந்தன. மூன்று முதல் ஐந்து நொடியில் முடிவெடுத்துச் சரியான பக்கம் திரும்பின. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் காலடிக்கும் ஐந்தாவதற்கும் வயது வித்தியாசம் இரண்டு நொடி இருக்கும், கடந்துபோனதோ 1,200 நொடி. அந்த இரண்டு நொடியில் வாசனை எவ்வளவு மங்கியிருக்கும்? அதைத்தான் அந்த மூக்கு பிரித்துப் பார்த்திருக்கிறது.

இப்படி ஒரு மூக்கு இருக்க, நகை காணாமல் போனால் இன்றும் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிசரோவின் கிழவிக்கு இங்கே மவுசு குறையவில்லை! நாய்க்கோ கேலிதான் மிச்சம்: 'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச்சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' எப்படிப் பிடிக்கும்? அது வருவதற்குள் விசாரிக்க வந்த சொந்தபந்தமெல்லாம் முற்றத்தை மிதித்துத் துவைத்திருக்கும். அதையும் மீறிச் சாலையோரம் வரை போய் நின்றதென்றால், திருடன் அங்கே வண்டி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துக் கடையில் கேமரா இருக்கிறதா என்று உடனே பார்க்கலாம்.