காரின் மேல்தோலில் நாற்பது மைக்ரான்

எவர்சில்வர் தட்டு ஒன்றை எரியும் பல்புக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். தட்டை அசைத்தால் பிம்பத்தோடு அந்த வலையும் நகரும். தட்டில் உள்ள கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. பல வருடம் நார் போட்டுத் தேய்த்ததில் எல்லாத் திசைகளிலும் கீறல்கள் விழுந்திருக்கின்றன. அவற்றில் வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. விளக்கைச் சுற்றி அப்படிக் குறுக்காக அமைந்த கீறல்களெல்லாம் சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன.

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வலை நன்றாகத் தெரியும். காலையில் பளிச்சென்று இருக்கும் வண்டி, உச்சி வெயிலில் நின்றால் பானட் முழுவதும் நரைத்ததுபோலத் தெரியும். கார் பழசாகிவிட்டது என்று நினைக்கிறோம். தினமும் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்ததுதான் பெரும்பாலும் காரணம். தெருத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. அவற்றின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் மோஸ் அளவுகோலில் 7. காரின் மேல்பூச்சோ ஒருவகைப் பிளாஸ்டிக். அடுக்ககங்களில் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்துக் கார்களைத் துடைப்பவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவருக்குக் கிடைக்கும் தண்ணீரும் நேரமும் அவ்வளவுதான்.

அந்த மேல்பூச்சு எவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு, பிறகு பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த அடுக்கே. இது மெலிந்துபோன வண்டிகளில்தான் கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிகிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பாலிஷ் உதவாது, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

பாலிஷ் செய்யும்போது நாம் செலவழிப்பது இந்த 40 மைக்ரானைத்தான். பாலிஷ் என்றதும் எதையோ பூசுகிறோம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. பூசுவது மெழுகின் வேலை, பாலிஷ் இழைக்கிறது. தச்சர் கரகரப்பான உப்புத்தாளில் தொடங்கி மென்மையான தாளில் முடிப்பதுபோல, அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்த பசை கீறலின் இரு பக்கத்து மேட்டையும் கீறலின் அடிமட்டம் வரை குறைக்கிறது. பரப்பு சமமானதும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. பளபளப்பு வருவது அப்படித்தான். நகத்தால் கீறலின் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறலை முழுதாகப் போக்க முயல வேண்டாம். அதன் அடியைத் தொடுவதற்குள் கிளியர் கோட்டே தீர்ந்துவிடலாம்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். எங்கள் வீட்டுப் பழைய காரின் பானட் விளிம்பில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறப் பிரைமர் தெரிகிறது. ஒரு பட்டறையில் ஆங்கிள் கிரைண்டரில் பஃபிங் பேடை (பாலிஷ் தேய்க்கும் மெத்தையை) மாட்டித் தேய்த்ததன் விளைவு அது. அந்தக் கருவி நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலக்கூடியது. உலோகம் அறுக்கச் செய்ததைப் பெயின்டின் மேல் வைத்தால் உராய்வுச் சூட்டில் பூச்சு இளகிவிடும். விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெல்லியது. பேடின் முழு அழுத்தமும் அந்தக் குறுகிய இடத்தில் விழுகிறது. முதலில் தேய்வது விளிம்புதான். வேலைக்கு முன் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வது இதனால்தான்.

பாலிஷுக்கென்றே செய்யப்பட்ட ரோட்டரி இயந்திரமும் ஒரே அச்சில் சுற்றுவதுதான். நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் 150 மில்லிமீட்டர் பேடின் ஓரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 12 மீட்டர் ஓடுகிறது. தேர்ந்த கைகளில் அது அற்புதமான கருவி. கை பழகாதவர் பிடித்தால், அது போன தடமெல்லாம் வெயிலில் பட்டை பட்டையாகத் தெரியும். வீட்டில் செய்பவர்களுக்கு ஏற்றது டூயல் ஆக்‌ஷன் வகை. இதில் பேடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே 8 முதல் 21 மில்லிமீட்டர் விட்டத்தில் உழலவும் செய்கிறது. இதனால் ஒரு துகள் போன பாதையிலேயே அடுத்த துகள் போவதில்லை. சூடும் ஓரிடத்தில் குவிவதில்லை. கட்டாயச் சுழற்சி இல்லாத மாதிரிகளில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி தானே நின்றுவிடும். பேடு மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேடு சுற்றுகிறதா, வெறுமனே நடுங்குகிறதா என்று ஓடும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பேடுகளில் கம்பளி அதிகம் வெட்டும், மைக்ரோஃபைபர் அதற்கடுத்து, ஃபோம் மென்மையானது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பேடு இன்னொன்றின் ஆரஞ்சு போல இருக்காது. தேய்க்கும் பசைகளில் காம்பவுண்ட் கரடு, பாலிஷ் மென்மை என்பது பொது வழக்கு. சில பசைகளில் துகள்கள் தேயத் தேய உடைந்து நுண்மையாகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் பரப்பு மங்கலாகவே நிற்கும். முதலில் மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் கொண்டு ஓர் அடி சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். கடையில் கேட்டால் வலுவான காம்பவுண்டைத்தான் எடுத்துத் தருவார்கள், வேகமாக வேலை முடியும் என்று. அந்த வேகம் மைக்ரான்களைத் தின்று வருவது.

சோதித்த இடத்தைப் பார்த்து உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. சில பசைகளில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். நான்கு முறை கழுவியதும் வலை திரும்பிவிடும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை நிலை.

இதற்கெல்லாம் முன்னால் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, களிமண் போலப் பிசையக்கூடிய கிளே பாரைச் சோப்புத் தண்ணீர் விட்டு வழுக்கி இழுத்து, ஒட்டிக் கிடக்கும் துகள்களை எடுத்துவிட வேண்டும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவினால் அந்தச் சொரசொரப்பு துல்லியமாகத் தெரியும். கிளே தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மணலோடு தேய்த்தால் புதுக் கீறல்கள் விழும். பனியன் வேஸ்ட் துணி இன்ஜின் துடைக்க நல்லது, பெயின்டுக்கு வேண்டாம். பாலிஷைத் துடைத்தெடுக்க நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் ஐந்தாறு போதும்.

நான் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறேன். ஒரு முறைக்கு இரண்டடி சதுரம். பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. குறுக்கும் நெடுக்குமாக நிதானமாக நகர்த்தல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு வரை சரி. எட்டரை மணிக்கு வெயில் பானட்டில் ஏறியதும் பசை துடைப்பதற்குள் காய்ந்து ஒட்டத் தொடங்கும். அன்றைக்கு அதோடு இயந்திரத்தை அணைத்துவிடுவேன். இடப்பக்கக் கதவுகள் இரண்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.