சிஸ்டருக்கு எப்படித் தெரிந்தது?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் குழந்தைகள் வார்டுகளில் டெங்கு படுக்கைகளுக்குக் குறைவிருக்காது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். நான்கு நாள் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலை ஆறிவிட்டது. "காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போலாமா?" என்கிறார் அம்மா. தெர்மாமீட்டரும் அம்மா கட்சிதான். சிஸ்டரோ பிபியை இன்னொரு தரம் பார்க்கிறார்: 100/84. "இருங்கம்மா, டாக்டர் ஒரு தடவ பாத்துடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்கிறார்.

மேல் அளவு 100 இருக்கிறதே, அப்புறம் என்ன? விஷயம் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. டெங்குவில் பலருக்குக் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். ஓடுகிற ரத்தம் குறைந்ததும் உடல் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். அதனால் கீழ் அளவு ஏறும், மேல் அளவு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்கும் கீழே வந்தால் குழந்தை ‘ஷாக்’, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத ஆபத்தான நிலையை நோக்கிப் போகிறது என்று பொருள். பையனுக்கு அது 16.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் தரம் பிபி பார்க்க வைத்தது எது? நேற்று ஊசி என்றதும் வார்டே அதிரக் கத்தியவன், இன்று கையை நீட்டிவிட்டுச் சும்மா கிடந்தான். பாதம் ஜில்லென்று இருந்தது. புத்தகம் இதற்கு ‘சோர்வு’ என்று ஒரு சொல் போடும். இந்தப் பையனிடம் சோர்வு எப்படி இருக்கும் என்பது நேற்றும் அவன் பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

செவிலியர் பணியில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட அறிவுகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை 1978-ல் ஒரு கட்டுரையில் வகைபிரித்தவர் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பார்பரா கார்ப்பர். அளந்தும் ஆராய்ந்தும் பெறுகிற அறிவியல் ஒன்று. எதிரே இருக்கும் இந்த ஒரு மனிதரின் நிலையை முழுசாக உள்வாங்கிக் கையாளும் கலை இன்னொன்று. தன்னை அறிந்து, அதன் வழியாக நோயாளியோடு உறவாடுவது மூன்றாவது. எது தகும், எது தகாது என்ற அறம் நான்காவது. மூன்றாவதுதான் கொஞ்சம் கைக்கு அகப்படாத வகை. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் மிகக் கடினமானது அதுதான் என்று கார்ப்பரே ஒப்புக்கொண்டார். அறிவியலுக்கு நிறையச் சொல்ல இருக்கும் விஷயம் இரண்டாவது. ‘மனசுக்குப் பட்டது’ என்கிறோமே, அது உள்ளே எப்படி நடக்கிறது?

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய அனுபவமுள்ள செவிலியர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் பேசினார்கள். ரத்தத்தில் நோய்த்தொற்று பரவுவதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், ‘உள்ளுணர்வு’, ‘அனுபவம்’ என்ற அளவில் பதில் நின்றது. அதனால் கேள்வியை மாற்றினார்கள். நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, அப்போது கண்ணில் என்ன பட்டது, எதைத் தொட்டீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று துருவினார்கள். அப்போது அறிகுறிகளின் நீண்ட பட்டியலே வெளியே வந்தது. அதில் பல அன்றைய மருத்துவ நூல்களில் இல்லாதவை. அந்தச் செவிலியர்கள் மாயம் எதையும் செய்யவில்லை. நிறத்தில் ஒரு மங்கல், பால் குடிப்பதில் ஒரு சுணக்கம், தசையில் ஒரு தளர்வு என்று தனித்தனியாக எந்த எச்சரிக்கை மணியையும் அடிக்காத துணுக்குகளை மூளை ஒன்றாகக் கோத்து, முன்பு பார்த்த குழந்தைகளோடு ஒப்பிட்டுவிடுகிறது. முடிவு மட்டும் நமக்குத் தெரிகிறது, வழி தெரிவதில்லை.

இந்தத் திறமை ஒரே நாளில் வராது. புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பதிலிருந்து தேர்ந்தவர் ஒரே பார்வையில் நிலைமையைப் பிடிப்பது வரை ஐந்து படிகளை 1984-ல் விவரித்தார் இன்னொரு அமெரிக்கச் செவிலியர் கல்வியாளரான பாட்ரிசியா பென்னர். படிப்பில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே நர்சிங் மாணவிகளை வார்டுக்கு அனுப்புவது வேலைக்கு ஆள் குறைவு என்பதால் மட்டும் இல்லை (அதுவும் உண்டு என்பது வேறு கதை).

ஆனால் வருடம் ஏறினால் உள்ளுணர்வு தானாகக் கூர்மையாகிவிடுமா? இல்லை. உள்ளுணர்வை நம்பாத உளவியலாளர் டேனியல் கானமனும், அதன் பக்கம் நின்ற உளவியலாளர் கேரி கிளைனும் சேர்ந்தே 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் ஒத்துப்போன இடம் இது: சூழலில் நம்பத்தக்க ஒழுங்கு இருக்க வேண்டும், சொன்னது சரியா தப்பா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். திருவல்லிக்கேணியில் இளநீர் விற்பவரைக் கவனியுங்கள். "தண்ணியா, வழுக்கையா?" என்று கேட்டு, இரண்டு தட்டுத் தட்டி எடுத்துச் சீவுகிறார். காய்க்குள் தேங்காய் தடிக்கத் தடிக்க ஓசை மாறுகிறது, அது ஒழுங்கு. அடுத்த நிமிடமே வெட்டிப் பார்த்துவிடுகிறார், அது விடை. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பரீட்சை!

வீட்டில் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது இந்தப் பரீட்சையில் பாதிதான் தேறும். சூடு இல்லை என்று கை சொன்னால் பெரும்பாலும் சரி. இருக்கிறது என்று சொன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. கை வெப்பநிலையை அளப்பதில்லை. தோலிலிருந்து வெப்பம் பாயும் வேகத்தைத்தான் உணர்கிறது. ஏசி அறையிலிருந்து வந்த கைக்கு எல்லா நெற்றியும் சுடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறும்போதோ தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் சில்லிட்டிருக்கும், உள்ளே 102 ஓடிக்கொண்டிருக்கும்.

கருவியும் கடவுள் அல்ல. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர், சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளிகளை விரல் வழியே அனுப்பிக் கணக்குப் போடுகிறது. கறுப்பின நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் அது கூட்டிக் காட்டிய நிகழ்வுகள் வெள்ளையரைவிட அதிகம் என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊர்த் தோல் நிறங்களுக்கு இது மறக்கக்கூடாத செய்தி. 95 என்று திரை சொல்லும்போது நோயாளி வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

அளவோ உள்ளுணர்வோ உதவாத இடமும் வார்டில் உண்டு. "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் வராந்தாவில் கெஞ்சுவார். ராத்திரி டிரிப்ஸ் மாற்றும்போது அந்த அப்பா, "எனக்கு என்னம்மா, உண்மையச் சொல்லு" என்பார். எந்த ஆய்வும் இதற்கு விடை தராது. பொய் சொல்லாமலும் போட்டு உடைக்காமலும் "என்ன நினைக்கிறீங்க ஐயா, எதுக்குப் பயமா இருக்கு?" என்று பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர் கார்ப்பர் சொன்ன மூன்றாவதையும் (உறவு) நான்காவதையும் (அறம்) ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார். மறுநாள் மகனையும் டாக்டரையும் சேர்த்து வைத்துப் பேச வழி செய்வதும் அதில் அடக்கம்.

செவிலியரின் கவலையை ஓர் அளவாகவே எடுத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், ‘கவலையாக இருக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காக அங்கே அவசரக் குழுவை அழைக்கலாம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் முந்தைய ஆய்வுகளை அலசி, அந்தக் கவலைக்குப் பின்னால் இருக்கும் அறிகுறிகளைப் பத்து வகைகளாகத் தொகுத்தார்கள். மூச்சில் மாற்றம், மனத்தெளிவில் மாற்றம், எதிர்பார்த்தபடி தேறாமல் இருப்பது, ‘எனக்கு என்னமோ சரியில்லை’ என்று நோயாளியே சொல்வது ஆகியவை அதில் உண்டு.

நம் வார்டுகளில் அதிகாலை மூன்று மணிக்கு டூட்டி டாக்டரை எழுப்பி "சார், என்னமோ சரியில்ல" என்று சொல்லப் பலருக்குத் தயக்கம். அதனால் சீனியர் சிஸ்டர்கள் புதியவர்களுக்கு முதலில் பழக்குவது கவலையைப் பிரித்துச் சொல்வதை: "கால் ஜில்லுனு இருக்கு சார், ஆறு மணி நேரமா யூரின் போகல, கூப்பிட்டா லேட்டா திரும்புறான்." இவ்வளவு சொன்னால் டாக்டர் எழுந்து வருவார். இன்னொரு குறைதான் தீர்வதில்லை. நோயாளியை ஐசியுவுக்கு மாற்றியதோடு நைட் டூட்டி முடிந்து சிஸ்டர் பஸ் ஏறிவிடுகிறார்; தன் சந்தேகம் பலித்ததா என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஐசியுவிலிருந்து வார்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.