நிறுத்தலாமா வேண்டாமா என்று குளிர்ந்துபோன மூளையிடம் கேட்காதீர்கள்

குளிர்காலம் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு வகை பைக் விபத்து தவறாமல் வரும். வேகமாகப் போய் எதிலும் மோதியதாக இருக்காது. மணிக்கணக்கில் ஒழுங்காக ஓட்டி வந்தவர், வண்டியை நிறுத்திக் கால் ஊன்றும் நேரத்தில், இல்லையென்றால் மெதுவாகத் திருப்பும்போது, அப்படியே சாய்ந்து விழுந்திருப்பார். மணிக்கட்டு முறிந்திருக்கும், அல்லது வண்டிக்கடியில் மாட்டிய கணுக்கால் வீங்கியிருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால், "தெரியல டாக்டர், காலை ஊனிட்டேன்னுதான் நினைச்சேன்" என்பார்கள். கையைத் தொட்டால் சில்லிட்டுக் கிடக்கும். குளிரவில்லையா என்றால் "முதல்ல குளிர்ந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு" என்று பதில் வரும்.

பழகவில்லை. மரத்துப் போயிருக்கிறது.

வெளியில் 10 டிகிரி செல்சியஸ் என்றால் பலர் அதைப் பெரிய குளிராகவே எடுத்துக்கொள்வதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று நேராகப் படும் தோலுக்கு அது ஏறக்குறைய 4 டிகிரி போல இருக்கும். வெளியில் 5 டிகிரி என்றால் அதே வேகத்தில் மைனஸ் 3. தோல் உண்மையிலேயே சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடாது; ஆனால் உடம்பிலிருந்து வெப்பம் பறிபோகும் வேகம் அந்த அளவுக்குக் கூடிவிடும். நடப்பவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் தசைகள் வேலை செய்து சூடு தரும். பைக் ஓட்டுபவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கணக்கில் காற்று வாங்குகிறார், இழப்பதற்கு ஈடாக அவர் உடம்பு புதிதாக உண்டாக்கும் வெப்பம் ரொம்பக் குறைவு.

இதயத்தையும் மூளையையும் காப்பாற்றத்தான் உடம்பு முதலில் பார்க்கும். அதனால் கை, கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல்களின் தோல் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நுணுக்கமான அசைவுகள் தடுமாறத் தொடங்கும்; இன்னும் இறங்கினால் தொடு உணர்வே போய்விடும். பிரேக்கும் கிளட்சும் அந்த விரல்களில்தான் இருக்கின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், வேகம் குறைய ஆரம்பிப்பதற்கு முன்பே 11 மீட்டர் போய்விடும்.

விரல்களைப் பற்றியாவது எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை மூளையைப் பற்றித்தான். உடம்பின் உள்வெப்பம் இயல்பாக 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. 35-லிருந்து 32 வரையான கட்டத்தை 'லேசானது' என்றுதான் நாங்கள் குறிப்போம், ஆனால் பைக்கில் இருப்பவருக்கு அதில் லேசானது எதுவும் இல்லை. உடம்பு வெடவெடவென்று நடுங்கும், பேச்சு குழறும், கையிலிருப்பது நழுவும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், யோசனை மந்தமாகும். இன்னும் உள்வெப்பம் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். அதை உடம்பு தேறிவிட்டதாக நினைத்தால் கதை முடிந்தது. கூட ஒருவர் வந்தால் "என்னடா ஒரு மாதிரி பேசுறே, நிறுத்து" என்று சொல்லிவிடுவார். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. காய்ச்சல்காரர் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்து "சூடே இல்லையே" என்பதைப் போல, குளிர்ந்த மூளை தன்னைத் தானே சோதித்து "நல்லாத்தான் இருக்கேன், இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே, போய்ச் சேர்ந்துடலாம்" என்று சொல்லும். அந்த வாக்கியத்தையே நான் ஒரு அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆகவே நிறுத்தும் முடிவைக் கிளம்பும் முன்பே, உடம்பு சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். போனில் 45 நிமிடத்துக்கு ஒரு அலாரம், ஹெல்மெட்டுக்குள் கேட்கிற மாதிரி. அடித்தால், குளிர்கிறதோ இல்லையோ, பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்த வேண்டும். இறங்கிக் கிளவுஸைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். இரண்டு கையிலும். தொட முடியவில்லையா, அந்தக் கையால் கிளட்சோ பிரேக்கோ பிடிக்கக் கூடாது. அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், 93, 86, 79 என்று. கணக்கில் ஏற்கெனவே சுமார் என்றால் வீட்டிலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வழியில் எவ்வளவு மோசமாகிறது என்று தெரியும். தடுமாறினால் "மெதுவா ஓட்டிக்கலாம்" என்ற சமாதானமெல்லாம் வேண்டாம், கதகதப்பான கூரைக்கடியில் போய் உட்காருங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கோ நண்பருக்கோ போன் செய்யுங்கள். மெசேஜ் போதாது, உங்கள் குரல் அவர்கள் காதில் விழ வேண்டும். "நான் குழறினா, நான் என்ன சமாதானம் சொன்னாலும் கிளம்ப விடாதே" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள்.

உடையில், கிளவுஸுக்குக் கொட்டும் பணத்தில் பாதியையாவது மார்புக்கும் கழுத்துக்கும் செலவழியுங்கள். நடு உடம்பு சூடாக இருந்தால் உடம்பு தானாகவே கைக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். அதனால்தான் மின்சாரத்தில் சூடாகும் உள்ஜாக்கெட் போட்டவர்களுக்கு விரல்களும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கின்றன. தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையோ மழையோ பட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஒரு அடுக்கு, சாதாரண மழைக்கோட்டாக இருந்தாலும் சரி. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணிப்பது எதிர்வேலை, வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது தடுத்துவிடும்.

வண்டி விஷயம் என் துறை இல்லை, இரண்டு மட்டும் சொல்கிறேன். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் டயர் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையும். பாலங்கள் கீழிருந்தும் காற்றடிப்பதால் மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

மரத்துப்போன கையை என்ஜினிலோ சைலன்சரிலோ வைத்துச் சூடேற்றுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். வலி தெரியாத கைக்குச் சுடுவதும் தெரியாது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருக்கும். எப்போது சுட்டது என்றே அவருக்குத் தெரியாது, அரை மணி நேரம் கழித்து உணர்வு திரும்பும்போதுதான் அலறுவார். அக்குளுக்குள் கையை வைத்துக்கொண்டு காத்திருங்கள், தேய்க்காதீர்கள். மது குடித்தால் சூடு ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளே இருக்கும் வெப்பம்தான் வெளியேறும். வண்டி ஓட்டுபவருக்கு அதைத் தடுக்க வேறு காரணமும் நான் சொல்ல வேண்டியதில்லை. சிகரெட் விரல்களுக்குப் போகும் ரத்தத்தை இன்னும் சுருக்கும். குளிரில் சிறுநீர் அதிகம் போகும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர்கள் கை கால்களைக் குளிர வைக்கலாம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் நடுங்கும் திறனே குறையும். மருந்துக்கடையில் சும்மா வாங்கும் சளி மாத்திரைகள் பலவும் தூக்கம் தருபவை. குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவப்பாகிறது என்றால் அது ரேனாட் பிரச்சினையாக (குளிரில் விரல்களின் ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவது) இருக்கலாம், பரிசோதித்துக்கொண்டு கிளம்புங்கள்.

போய்ச் சேர்ந்ததும் நேராக வெந்நீர் ஷவருக்கடியில் நிற்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. ஈர உடையை மாற்றி, போர்த்திக்கொண்டு, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடித்து, நடுக்கம் அடங்கட்டும். மூடிய அறையிலோ டென்ட்டிலோ கரி அடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் அசதியும் வந்தால் அதைப் பயணக் களைப்பு என்றுதான் நினைப்பீர்கள். உடம்பு சூடான பிறகும் விரலோ மூக்கோ காது மடலோ வெளுத்து மெழுகு போல இருந்தாலும், கொப்புளம் வந்தாலும், உணர்வு திரும்பாவிட்டாலும் அன்று இரவே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள், முக்கியமாக நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.