தொடக்கப் பள்ளியில் கோடிங்: பத்துப் பேருக்கு மட்டும் என்றால் வேண்டாம்

தொடக்கப் பள்ளியில் கோடிங், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதுவது, சொல்லித்தர விரும்பும் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, பள்ளி விட்ட பிறகு கணினி முன் உட்காரவைக்கிறார்கள். ஆண்டு விழாவில் அந்தப் பத்துப் பேரும் மேடையேறிச் செய்துகாட்டுகிறார்கள், பெற்றோர் கைதட்டுகிறார்கள். வகுப்பும் எடுத்துக்கொண்டு, சக ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருவதால் இதைப் பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன். இப்படிச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம் என்பது என் கருத்து.

அந்தப் பத்துப் பேரில் சேராமல் யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள். பள்ளி விட்டதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டிய பெண் குழந்தை, இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை, நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச்சேர முடியாத குழந்தை. இவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, எட்டு வயதிலேயே "கம்ப்யூட்டர் எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாம் ஆள் பொறுக்கிய விதத்திலிருந்து அவர்களாகவே புரிந்துகொண்டது அது.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்கும் கணினியியல் பாடம் உண்டு. ஏழு வயதுக்குள் ஒரு வேலையைப் படிப்படியான கட்டளைகளாகப் பிரிக்கவும், சின்ன நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதிப் பிழை திருத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அவர்களுடைய தேசியப் பாடத்திட்டம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கோடிங்கை நடுநிலை வகுப்புகளில்தான் வைத்திருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினி வந்துசேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தரையில் சாக்பீஸால் போட்ட கட்டங்களும் அம்புக்குறி வரைந்த அட்டைகளும் போதும். ஒரு குழந்தை எந்திரமாக நிற்கும். மற்றவர்கள் அட்டைகளை வரிசையாக வைத்து அதை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடத்த வேண்டும். வாசிக்கத் தெரியாத குழந்தையும் இதில் சமமாக நிற்கிறது. சிக்கல் இடது, வலதில் வரும். எதிரே நிற்கும் எந்திரத்தின் வலது, கட்டளை கொடுக்கும் குழந்தைக்கு இடதாகத் தெரியும். ஆரம்பத்தில் எல்லோரையும் எந்திரத்தின் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்க்கும்படி உட்காரவைத்து, "சோற்றுக்கைப் பக்கம் திரும்பு" என்று சொல்லவையுங்கள். பிறகு இடம் மாற்றி உட்காரவைக்கலாம். அப்போது வரும் குழப்பமே நல்ல பாடம்.

மூன்றாம் வகுப்பிலிருந்து நான் கோலத்தைத்தான் நம்புகிறேன். "7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை" என்று கோலப் புத்தகங்களில் போட்டிருக்கிறதே, அது ஒரு முழு நிரல். நடுவில் 7 புள்ளி வை, அடுத்த வரிசையில் ஒன்றைக் குறைத்து, இடுக்கில் வருமாறு வை, 4 வரும்வரை இதையே திரும்பச் செய், கீழ்ப்பக்கமும் அப்படியே. திரும்பச் செய்தல், நிறுத்த வேண்டிய இடம் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. மொத்தம் எத்தனை புள்ளி வரும் என்று முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள். 37 வர வேண்டும். பிறகு ஒரு குழந்தை கட்டளைகளை எழுத, கோலத்தைப் பார்க்காத இன்னொரு குழந்தை எழுதியதை மட்டும் வைத்துப் போட வேண்டும். "இடுக்கில்" என்ற ஒரு சொல்லை விட்டால் புள்ளிகள் நேர்வரிசையில் விழுந்து கோலமே மாறிவிடும். போட்ட குழந்தையைக் குறை சொல்ல வழியில்லை, எழுதியதில்தான் தேட வேண்டும். அழிப்பானை வாங்கி வைத்துவிட்டு, எந்த வரியில் தவறியது என்று வட்டமிடச் சொல்வேன். விட்டால் பக்கம் முழுவதையும் அழித்துவிடும் குழந்தைகள் உண்டு.

கோலத்தை இழுத்துப் பிடித்துக் கணினியோடு ஒட்டவைப்பதாக நினைக்க வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக்கி 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

கோலத்தைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி அறையில் ஒதுங்கி நிற்கும் பெண் குழந்தைகள் இந்த வகுப்பில் முன்னால் வருகிறார்கள். மவுஸை விடாமல் பிடித்திருக்கும் பையன்கள் அவர்களிடம் வந்து கேட்டுக்கொள்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்கிறோமோ, அதை வைத்துத்தான் வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்பது முடிவாகிறது.

கருவிக்கு வருவோம். ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காக 2014இல் வந்தது. அதன் கட்டளைகளெல்லாம் படங்கள், ஆங்கிலம் தடையாக நிற்காது. அடுத்த கட்டம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி 2007இல் வெளியான ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழி. இரண்டும் இலவசம். கணினியில் நிறுவிவிட்டால் ஸ்கிராட்ச் இணையம் இல்லாமலும் ஓடும். இரண்டு கணினி மட்டும் உள்ள பள்ளியில் வகுப்பைப் பிரித்து, பாதிப் பேர் காகிதத்தில் எழுத, பாதிப் பேர் ஓட்டிப் பார்க்கலாம். மவுஸ் பிடித்திருப்பவர் தானாக யோசித்து எதையும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும்; ஐந்து நிமிடத்தில் ஆள் மாற வேண்டும். இந்த விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

ஐந்தாம் வகுப்பில் ஸ்கிராட்சில் சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் ஏறத்தாழ எல்லோரும் 60 பாகை திரும்பச் சொல்லி எழுதுகிறார்கள். திரையில் வருவது அறுகோணத்தின் பாதி. விடையைச் சொல்லிவிடாதீர்கள். மைதானத்தில் முக்கோணம் போட்டு அதன் மேல் நடக்கவிடுங்கள். மூலையில் தன் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்ததும் குழந்தையே 120 என்று வந்து சொல்லும். குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் 1960களிலிருந்து சொல்லிவந்தது இதைத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொதுமுடக்கக் காலத்தில், ஆறு வயதில் கோடிங் கற்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்பதுபோல விளம்பரங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றை 2020இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள். மேலே சொன்னவற்றுக்குச் செலவு சாக்பீஸும் அட்டையும்தான்.

இதற்குத் தனிப் பாடவேளை தேடவும் வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் அது நடக்காத காரியம். கோலம் கணக்குப் பாடவேளைக்குள்ளும், கட்டளை எழுதுவது தமிழ்ப் பாடவேளைக்குள்ளும் அடங்கிவிடும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்ட அன்றே பழைய பத்துப் பேர் திரும்ப முன்னால் வந்து நிற்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், இந்த மாதம் மவுஸைத் தொடாத குழந்தைகள் யார் யார் என்றும் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று சொல்லுங்கள்.