தரகர் இல்லாமல் வீடு விற்க: முதலில் காகிதத்தைச் சரி செய்யுங்கள்

சொந்த வீட்டை விற்கத் தரகர் வேண்டும் என்று தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. விற்பவர், வாங்குபவர், அடையாள அட்டையோடு 2 சாட்சிகள், ஒழுங்காக எழுதிய கிரயப் பத்திரம், கட்டணம். தேவை இவ்வளவுதான். விலை, வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு குறித்து வைத்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதற்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இதை வாங்குபவர் கட்டுவதே வழக்கம். பத்திர மாதிரிகள் பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கின்றன.

தரகுப் பணம் மிச்சமாகும் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஆள் வந்த பிறகுதான். விலை பேசி, அட்வான்ஸ் கைமாறி, வாங்குபவரின் வக்கீல் காகிதத்தைப் பார்க்கும்போது ஓட்டை தெரிகிறது. அந்த நேரத்தில் பிடி முழுக்க அவர் கையில். "சரி பண்ணிக் கொடுங்கள், இல்லையென்றால் 3 லட்சம் குறையுங்கள்" என்பார். அவசரத்தில் இருக்கிறவர் குறைத்துவிடுவார். அதனால் விற்பனை பற்றி யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் 2, 3 மாதம் காகிதத்துக்கு ஒதுக்குங்கள்.

முதலில் வில்லங்கம். பதிவுத்துறை தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு 30 வருட ஈசியை, அதாவது வில்லங்கச் சான்றை, கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது பழைய வீட்டுக் கடன். தவணையெல்லாம் கட்டி, அசல் பத்திரமும் பீரோவுக்கு வந்திருக்கும். ஆனால் கடன் வாங்கியபோது பத்திரத்தை அடமானமாக வங்கியிடம் கொடுத்ததற்குப் பதிவான ஒப்படைப்பு ஆவணம் ஈசியில் அப்படியே நிற்கும். கடன் முடிந்தது என்று வங்கி தரும் கடிதம் வேறு, சார்பதிவாளரிடம் பதிவாகும் ரசீது ஆவணம் வேறு. இரண்டாவது இல்லாமல் வில்லங்கம் நீங்காது. கிளைக்குப் போனால் மண்டல அலுவலகம் என்பார்கள். அங்கே போனால் கிளையிலிருந்து கடிதம் வரட்டும் என்பார்கள். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 1.12.2023 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்த உத்தரவைக் குறிப்பிடுங்கள்.

அதே தளத்தில் வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்குப் பூஜ்ஜியம் என்று காட்டினால் கோயில், வக்பு அல்லது அரசு நிலம் என்று குறித்து அந்த எண்ணை முடக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பெரிய சர்வே எண்ணில் ஒரு மூலை கோயில் நிலமாக இருந்ததற்காக மொத்த எண்ணும் முடங்கியிருக்கலாம். இது பதிவுக்கு டோக்கன் போட்டு உட்கார்ந்த நாளில் தெரியவேண்டிய விஷயம் அல்ல.

அடுத்தது பட்டா. பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல், கணினிப் பட்டாவில் எழுத்துப் பிழை. இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வீடு உங்களுடையது, பட்டா இன்னும் அப்பா பெயரில் என்றால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும்; மாதக்கணக்கில் இழுப்பது இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் வெறும் தாளில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆன்லைனிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து எண்ணை வாங்குங்கள். எண் இல்லாத மனுவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது இருந்தால்தான் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போக முடியும்.

உயில் எழுதாமல் அப்பா இறந்த வீடு என்றால் நிதானமாகப் படியுங்கள். இந்துக் குடும்பத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் மட்டும் வாரிசு அல்ல. அப்பா இறந்த நாளில் அவருடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் பாட்டிக்கும் சம பங்கு உண்டு. பாட்டியும் பிறகு உயில் எழுதாமல் போய்விட்டால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் சித்தப்பா, அத்தைகளுக்கும் போகும். வாரிசுச் சான்றில் பாட்டி பெயரைப் பார்த்த வக்கீல் அவர்கள் கையெழுத்தையும் கேட்பார். கேட்பது சரிதான். "சீர் செய்தாகிவிட்டது" என்று தங்கையை விட்டுவிட்டு விற்கவும் முடியாது. எல்லோரிடமும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்குங்கள், அல்லது எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போடுங்கள். 18 வயது நிரம்பாத வாரிசின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்குங்கள். நாளிதழ் விளம்பரமும் வேண்டும். அந்தச் சான்று கேட்ட வேகத்தில் வராது.

காகிதம் சுத்தமானால் ஆளைத் தேடலாம். நகல்களைத் தாராளமாகக் கொடுங்கள். அசலைக் காட்டுங்கள், ஒருநாள்கூட விட்டுவிட்டு வராதீர்கள்.

அக்ரிமென்ட் போடும்போது கவனம் தேவை. 1.12.2012 முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான ஒப்பந்தம் உங்கள் ஈசியில் ஏறிவிடும். வாங்குவதாகச் சொல்லி வரும் சிலர் உண்மையில் நில வியாபாரிகள். 50,000 கொடுத்து 11 மாதக் கெடுவில் ஒப்பந்தம் பதிந்துகொண்டு, அதிக விலைக்கு வேறு ஆளைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் உங்களையும் விடமாட்டார்கள். ரத்துப் பத்திரத்தில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் கோர்ட்டுதான் வழி. ஆகவே அட்வான்ஸ் விலையில் 10 சதவீதத்துக்குக் குறைய வேண்டாம், கெடு 90 நாளைத் தாண்ட வேண்டாம், கெடு தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சாவியைக் கொடுக்காதீர்கள்.

"இப்போதைக்குப் பவர் எழுதிக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பவர் என்பது உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. வரியும் வழக்கும் உங்கள் தலையில் இருக்கும். விற்கிற அதிகாரமும் பணமும் அவர் கையில் இருக்கும். வயதானவர்கள் வீட்டை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

பணம் வாங்குவதில் ஒரே விதி: முழுப் பணமும் வந்த பிறகுதான் கையெழுத்தும் கைரேகையும். கிரயப் பத்திரத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும். பின்தேதியிட்ட காசோலையை நம்பிப் பதிந்துவிட்டு, அது திரும்பி வந்தால் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது. விலை பாக்கி என்பதே கிரயத்தை ரத்து செய்யக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க வழக்குப் போடலாம். அது எத்தனை வருடம் என்பது உங்களுக்கே தெரியும். டிடி என்றால் அதன் எண் பத்திரத்தில் ஏற வேண்டும். நேரடிப் பரிமாற்றம் என்றால் உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பாருங்கள். வாங்குபவர் வங்கிக் கடனில் வந்தால், டிடியில் உங்கள் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று முன்கூட்டியே நகல் வாங்கிச் சரிபாருங்கள்.

"வழிகாட்டி மதிப்புக்கு எழுதலாம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன்" என்பார்கள். அதில் தீர்வை மிச்சமாவது வாங்குபவருக்கு. வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை இருக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கிய உங்களுக்கு. அட்வான்ஸுக்கும் இதே விதிதான்.

விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் முழுத் தொகைக்கும் 1% வரியைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிறவர்கள் நிறைய. கட்டிய செலானைப் பதிவுக்கு முன் கேட்டு வாங்குங்கள். உங்கள் பான், ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தால் 1% என்பது 20% ஆகிவிடும். 60 லட்ச ரூபாய் வீட்டில் அது 12 லட்சம். திரும்பப் பெற ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

பதிவு முடிந்ததும் கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கி வையுங்கள். லாபத்துக்கு வரி கணக்கிட அது வேண்டும். சொத்து வரியும் மின் இணைப்பும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டனவா என்று ஒரு மாதத்தில் பாருங்கள். மாறவில்லை என்றால் பாக்கி நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.